‘கீப்’ எங்கிருந்து வந்தது

“இந்த வேலையிலிருந்து என்னை விட்டுடுங்கம்மா” என்றார் அறவாழி.

தில்லைநாயகி நிமிரவில்லை. ஆங்கிலம்–தமிழ் அகராதிக்குத் தலைமைப் பதிப்பாசிரியர் அவர். அறவாழியைவிடப் பத்து வயது சின்னவர். ஆனாலும் அறவாழிக்கு அவர்தான் குரு. சொல்லுக்குப் பொருள் எழுதக் கற்றுக்கொடுத்தவர் ஆயிற்றே.

“உங்ககிட்ட எந்தச் சொல் இருக்கு?”

“கீப்.”

“எத்தனை மாசமா?”

“எட்டு. சின்னச் சொல்லுதானேன்னு சிரிச்சுக்கிட்டே வாங்கினேன்.”

அந்தச் சொல்லுக்கு எழுதிச் சேர்த்த குறிப்புச் சீட்டுகளைக் கட்டாக மேசையில் வைத்தார். ஒரு செங்கல் உயரம் இருந்தது.

“அர்த்தம் முடியவே மாட்டேங்குதும்மா. வாக்கைக் காப்பாத்தினா கீப். கோழி வளர்த்தா கீப். பால் கெடாம இருந்தா கீப். ஸ்டம்புக்குப் பின்னாடி குனிஞ்சு நின்னா அதுவும் கீப். நம்ம ஊர்ல வேற ஒரு அர்த்தமும் இருக்கு. அந்தச் சீட்டை மட்டும் நான் வீட்டுக்கு எடுத்துட்டுப் போறதில்ல.”

தில்லைநாயகி சிரிக்கவில்லை. அவருக்கும் அலுப்புதான். இன்னும் பாதி அகராதி பாக்கி இருந்தது.

“அர்த்தம் சரி. மூலம்?”

அறவாழி தயங்கினார். பிறகு சட்டைப்பையிலிருந்து ஒரு சீட்டை எடுத்து நீட்டினார்.

‘கீப்: தமிழின் காப்பு என்ற சொல்லிலிருந்து பிறந்தது.’

தில்லைநாயகி அதை இரண்டு முறை படித்தார்.

“யார்கிட்டயாவது சொன்னீங்களா?”

“நம்ம அகராதிக்குப் பணம் தர்ற புரவலர் காலையில வந்திருந்தார். சொன்னேன். துள்ளிக் குதிச்சுட்டார். விழா எடுக்கிறேன், பொன்னாடை போர்த்துறேன்னார். இருபத்திரண்டு வருஷமா இங்க உட்கார்ந்திருக்கேம்மா. என்னை ஒருத்தரும் ஒரு வார்த்தை பாராட்டினதில்ல.”

உண்மைதான். பாராட்டாதவர்களில் தானும் ஒருவர் என்பது தில்லைநாயகிக்கு உறைத்தது.

“சரி. கையெழுத்துப் போட்டுக் கொடுங்க. இந்தப் பகுதி நாளைக்கு அச்சுக்குப் போகுது.”

அந்த அலுவலகத்தின் வழக்கம் அது. சொல்லின் மூலத்தை எழுதியவர் சீட்டின் அடியில் கையெழுத்துப் போட வேண்டும். அச்சில் பெயர் வராது. சீட்டு மட்டும் இரும்புப் பெட்டியில் என்றைக்கும் இருக்கும்.

அறவாழி தன் இடத்துக்குப் போனார்.

பேனாவைத் திறந்தார். மூடினார். சாப்பாட்டு வேளை வந்தது, போனது. தூக்குச்சட்டியைத் திறக்கக்கூட இல்லை.

மூன்று மணிக்குத் திரும்பி வந்தார். சீட்டில் கையெழுத்து இல்லை.

“கை வரலைம்மா.”

“ஏன்?”

“தெரியல. ரொம்பக் களைப்பா இருக்கு.”

“உட்காருங்க. இந்தக் காப்பு உங்களுக்கு எப்படிக் கிடைச்சது?”

“போன வாரம், டீ குடிச்சுக்கிட்டு இருந்தப்ப. ரெண்டு சொல்லும் ஒரே சாயலா இருக்கேன்னு தோணுச்சு.”

“டீ முடியறதுக்குள்ளயா?”

அறவாழி தலையைக் குனிந்துகொண்டார்.

“பாதி டீயில.”

“அதுக்கு முன்னாடி எட்டு மாசம் என்ன பண்ணீங்க?”

“தேடினேன். ஆயிரம் வருஷத்துக்கு முன்னாடி, பழைய ஆங்கிலத்துல, திடீர்னு வந்து நிக்குது. பிடிக்கிறது, கவனிக்கிறது, காத்திருக்கிறதுன்னு அப்ப அர்த்தம். அதுக்கு முன்னாடி தடமே இல்ல. ஜெர்மன்ல சொந்தம் இருக்கான்னு பார்த்தேன், இல்ல. டச்சுல பார்த்தேன், இல்ல. லத்தீன்லயும் தேடினேன். கண்ணு போனதுதான் மிச்சம்.”

“கடைசியில என்ன கிடைச்சது?”

“ஒண்ணும் கிடைக்கல.”

“அதை எந்தச் சீட்டுல எழுதினீங்க?”

அறவாழி சீட்டுக்கட்டைப் புரட்டினார். அப்படி ஒரு சீட்டு அதில் இல்லை.

தில்லைநாயகி ஒரு வெற்றுச் சீட்டை அவர் பக்கம் நகர்த்தினார்.

அறவாழி பேனாவைத் திறந்தார். பிறகு எழுதினார்.

‘மூலம் தெரியவில்லை.’

எட்டு மாதம் இரண்டு சொல்லில் முடிந்துவிட்டது. விழாவும் போயிற்று. அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

“இதுக்குக் கையெழுத்து எங்கம்மா போடறது?”

“இவ்வளவு இடம் இருக்கே” என்றார் தில்லைநாயகி. “கொஞ்சம் பெருசாவே போடுங்க.”