ராஜாவின் மூக்கும் நீள லென்ஸும்

மாவடிக்கோட்டை சமஸ்தானத்தில் மூன்று பொருள்கள் பரம்பரையாக வந்தன: சிம்மாசனம், ரத்தினக் கம்பளம், மூக்கு. முதல் இரண்டையும் கறையான் கொஞ்சம் கொஞ்சமாகத் தின்றுகொண்டிருந்தது. மூக்கு மட்டும் தலைமுறைக்குத் தலைமுறை செழித்தது.

ராஜா ரவிகுலசேகரத் துரை பட்டமேறி இருபத்தைந்தாவது வருஷம். ஊருக்கு ஊர் அவர் படம் மாட்டியாக வேண்டும். சிம்மாசனம் ஸ்டூடியோவுக்குப் போகாது என்பதால் ஸ்டூடியோ சிம்மாசனத்துக்கு வந்தது. தர்பார் மண்டபத்தின் கூரையில் பாதியைப் பிரித்துக் கண்ணாடி போட்டார்கள். அந்த வெளிச்சத்தில் இரண்டு படக்காரர்கள் ராஜாவைப் படம் எடுத்தார்கள். இரண்டிலும் மூக்கு முன்னால் வந்து நின்றது. ராஜா அதற்குப் பின்னால் ஒளிந்திருந்தார். அன்றைக்கே படக்காரர்கள் எல்லைக்கு அப்பால் துரத்தப்பட்டார்கள். காமிராக்கள் ஆற்றில் போயின.

மூன்றாவதாக வந்தவர் மாசிலாமணி. மெலிந்த மனிதர். சிரிப்பு வரும்படி பேசுவார், தான் சிரிக்கமாட்டார்.

"மூக்கு பெரிதாகத் தெரியக்கூடாது" என்றார் ராஜா.

"உத்தரவு. படம் பதிந்த கண்ணாடித் தட்டில் பென்சிலால் லேசாகத் தேய்த்துவிட்டால்..."

"தேய்ப்பதா? என் பாட்டனார் மூக்கு ஐயா இது! ஓர் இழை குறைந்தாலும் ராஜத் துரோகம்."

"பெரிதாகவும் தெரியக்கூடாது. குறைக்கவும் கூடாது."

"அதேதான். தவறினால் உம்முடைய காமிராவும் ஆற்றுக்கு."

பதினேழு வருஷம் அவரோடு ஊர் ஊராக அலைந்த காமிரா. அது போனால் மாசிலாமணிக்கு மிஞ்சுவது தலையில் போட்டுக்கொள்ளும் கறுப்புத் துணி ஒன்றுதான்.

ராஜாவின் காதருகே மைத்துனர் காங்கேயத் துரை நின்றிருந்தார். அந்த அரண்மனையில் ஒருவருடைய மதிப்பைக் கம்பளம்தான் சொல்லும். ஆறு முழக் கம்பளத்தில் யார் எங்கே நிற்கிறாரோ அதுவே அவர் தகுதி. மைத்துனர் நிற்பது ஒரு முழத்தில். இருபது முழம் தள்ளி, கதவோரத்தில், மனுக்காரர்கள் நிற்பார்கள்.

"படக்காரர் கம்பளத்தை விட்டு இறங்கக்கூடாது" என்றார் மைத்துனர். "நான் சீமையிலிருந்து தருவித்த லென்ஸைத்தான் மாட்ட வேண்டும்."

பித்தளையில் குட்டையான லென்ஸ், கண்ணைப் பறிக்கும் பளபளப்பு. மாசிலாமணி அதை மாட்டிக் கறுப்புத் துணிக்குள் தலையை விட்டார். உள்ளே ஒரு மூக்கு இருந்தது. அதன் ஓரத்தில் எங்கோ இரண்டு காதுகள்.

வெளியே வந்தார்.

"லென்ஸில் குறையில்லை, துரை. மண்டபம், யானை, கூட்டம் எல்லாம் அருமையாக எடுக்கும். ஆனால் இதில் ஒரு முகம் தட்டு நிறைய விழ வேண்டுமென்றால் கிட்டே போக வேண்டும். கிட்டே போனால் எது முன்னால் நீட்டிக்கொண்டிருக்கிறதோ அது பெருத்துவிடும். என்னிடம் நீள லென்ஸ் ஒன்று இருக்கிறது. இருபது முழம் தள்ளி நின்றே முகத்தை முழுசாகக் கொண்டுவரும். அவ்வளவு தூரத்தில் மூக்கு தன் இடத்தில் அடங்கி உட்காரும்."

"இருபது முழமா! மனுக்காரன் நிற்கிற இடத்திலா ராஜாவின் படக்காரர் நிற்பது? மகாராஜா, இதைவிட அவமரியாதை உண்டா?"

ராஜா இரண்டு பேரையும் பார்த்தார். காதுக்குப் பக்கத்தில் இருப்பவர் சொன்னதுதான் அவருக்குக் கேட்டது.

"படக்காரர் கம்பளத்தில்தான் நிற்க வேண்டும். நாளைக் காலையில் படம்."

மறுநாள் காலை கம்பளத்தில் மாசிலாமணியைக் காணோம்.

"பார்த்தீர்களா மகாராஜா, ஓடிவிட்டான்!" என்று மைத்துனர் குதூகலித்தார்.

"மகாராஜா, மனு!" என்று கதவோரத்திலிருந்து ஒரு குரல் வந்தது.

மனுக்காரர் வரிசையில் மாசிலாமணி நின்றார். ஒரு கையில் காகிதம். பக்கத்தில் மூன்று காலில் காமிரா, அதில் நீள லென்ஸ்.

"என்ன ஐயா இது?" என்று ராஜா அதட்டினார்.

"இன்றைக்கு நான் படக்காரனாக வரவில்லை, மகாராஜா. மனுக்காரனாக வந்தேன். என் இடம் இதுதானே?"

"அப்படியென்றால் அந்தக் காமிரா?" என்றார் மைத்துனர்.

"மனுவோடு இணைப்பு, துரை."

அந்தச் சமஸ்தானத்தில் பழைய கட்டளை ஒன்று உண்டு. ராஜாவின் பாட்டனார் ஒருமுறை மனு கேட்கும்போதே குறட்டை விட்டுவிட்டாராம். அதிலிருந்து, மனு வாசித்து முடியும்வரை ராஜா மனுக்காரரையே பார்த்திருக்க வேண்டும், தலையைத் திருப்பக்கூடாது. பாட்டனார் மூக்கைக் காப்பாற்றுகிறவர் பாட்டனார் கட்டளையை மீற முடியுமா?

"வாசியும்" என்றார் ராஜா, நிமிர்ந்து உட்கார்ந்து.

மாசிலாமணி ஒரு கையால் லென்ஸின் மூடியை எடுத்தார். பழைய லென்ஸ், வெளிச்சத்தை மெதுவாகத்தான் குடிக்கும். அதற்கு வேண்டிய நேரம் முழுக்க அவர் ராஜாவின் பட்டப்பெயர்களை வாசித்தார். பட்டப்பெயர் காதில் விழுந்தால் ராஜாவின் முகம் தானாகக் கனியும். ஏழாவது பட்டம் முடிந்ததும் மூடி திரும்ப ஏறியது.

"...அவர்கள் சமூகத்துக்கு, மாசிலாமணி எழுதிக்கொண்ட மனு. இந்த மனு முடியும்வரை மகாராஜா அசையாமல் இருக்க வேண்டுகிறேன். இப்படிக்கு."

"அவ்வளவுதானா? கோரிக்கையை ஏற்பதா வேண்டாமா என்று நான் சொல்ல வேண்டாமா?"

"ஏற்றாகிவிட்டது, மகாராஜா."

சாயங்காலம் படம் வந்தது. அதே மூக்குதான். ஆனால் முகத்துக்குள் இருந்தது. அதற்கு மேலே இரண்டு கண்கள், கொஞ்சம் களைத்து, கொஞ்சம் இரக்கத்தோடு. தனக்கு அப்படிக் கண்கள் இருப்பது ராஜாவுக்கே புதுச் செய்தி.

"தேய்த்திருக்கிறான்!" என்று மைத்துனர் கத்தினார்.

"கண்ணாடித் தட்டு இதோ. பென்சில் பட்ட இடத்தைக் காட்டுங்கள், துரை."

மைத்துனர் தட்டை இப்படியும் அப்படியும் திருப்பினார். ஒன்றும் அகப்படவில்லை.

ராஜா கதவுக் காவலனைக் கூப்பிட்டார். "வீரணா, உண்மையைச் சொல். நான் இப்படியா இருக்கிறேன்?"

வீரணன் படத்தைப் பார்த்தான். "இதே முகம்தானுங்களே, மகாராஜா. கதவோரம் நிற்கிற நாங்க தினமும் பார்க்கிறதுதானே."

ராஜா படத்தை மடியில் வைத்துக்கொண்டு நிமிர்ந்தார்.

"மாசிலாமணி, இனி நீர்தான் அரண்மனைப் படக்காரர். கம்பளத்தில் உமக்கு இடம் தருகிறேன். மைத்துனருக்கு அடுத்தபடி."

சபையே வாயைப் பிளந்தது. மாசிலாமணி காமிராவின் மூன்று கால்களையும் நிதானமாக மடக்கினார்.

"உத்தியோகம் போதும், மகாராஜா. கம்பளம் வேண்டாம். அங்கே வந்துவிட்டால் எனக்கும் மூக்கு மட்டும்தான் தெரியும்."

ராஜா சிரித்த சிரிப்பில் கூரைக் கண்ணாடி அதிர்ந்தது. சிரிப்பு அடங்கியதும் மெல்லப் பக்கத்தில் திரும்பினார். காங்கேயத் துரை ஓரடி பின்னால் நகர்ந்தார்.

"இன்னும், மைத்துனரே" என்றார் ராஜா. "இன்னும் கொஞ்சம். இன்னும் பத்தொன்பது முழம்."