ஒட்டுப்போட்ட அலகு

மாசி மாதம் பதினெட்டாம் நாள் காலை ஆறரை மணிக்கு, தொண்டைக்குள் இருபத்திரண்டு அத்திப்பழங்களை அடக்கிக்கொண்டு, செங்கண்ணன் என்ற இருவாச்சி தன் மரத்துக்கு வந்து சேர்ந்தான்.

மலைக்காட்டிலேயே உயரமான மரம் அது. அதன் பொந்துக்குள் அவன் மனைவி முத்துவிழி இருந்தாள். இருவாச்சிகளின் வழக்கம் அப்படி. முட்டையிடும் காலம் வந்தால் பெண் பறவை பொந்துக்குள் போய்விடும். மண்ணையும் எச்சத்தையும் குழைத்து வாசலை உள்ளிருந்தே பூசி அடைத்துவிடும். அலகு நுழையும் அளவுக்கு ஒரு கீற்று மட்டும் விட்டுவைக்கும். அந்தக் கீற்று வழியாக ஆண் பறவைதான் இரை ஊட்ட வேண்டும்.

முத்துவிழி உள்ளே போய் நாற்பத்துமூன்று நாளாகியிருந்தது. இத்தனை நாளும் அவளுடைய அலகு நுனியைத் தவிர வேறெதையும் செங்கண்ணன் பார்க்கவில்லை. அவளுக்கு முத்துப்போல் வெளுத்த விழிகள். எங்கே போனாலும் அவனுக்கு அந்த விழிகளின் நினைவாகவே இருந்தது.

பழங்களை ஒவ்வொன்றாக ஊட்டினான். கடைசிப் பழத்தைக் கொடுத்த பிறகும் கிளம்பவில்லை.

"முத்து, ஒரே ஒரு தடவை கண்ணைக் காட்டு!"

"இந்தக் கோலத்தில் வேண்டாங்க. இறகெல்லாம் உதிர்ந்து கிடக்கு. என்னால் பறக்கக்கூட முடியாது. காலடியில் குஞ்சு வேற."

"குஞ்சா? எப்போது பொரிந்தது? சொல்லவே இல்லையே!"

"விடியும்போதுதான். வந்ததும் வராததுமாகப் பழத்தைத் திணித்தால் எப்படிச் சொல்வதாம்?"

"அப்படியானால் இரண்டு பேரையும் இப்போதே பார்க்கணும்!"

"பார்க்கலாம், பார்க்கலாம். முதலில் குஞ்சுக்குப் பழம் கொண்டு வாங்க!"

அவன் கேட்கவில்லை. கீற்றைக் கொஞ்சம் அகலமாக்கினால் என்ன குறைந்துவிடும் என்று நினைத்தான். அலகை உள்ளே விட்டு நெம்பினான். காய்ந்த பூச்சு கல்லாக இருந்தது. இன்னும் பலமாக நெம்பினான்.

'டக்' என்றது. சுவரில் ஒரு துகள்கூட உதிரவில்லை. அவனுடைய மேலலகின் முன்பகுதிதான் முறிந்து மரத்தடியில் விழுந்தது.

அத்திமரத்துக்குப் பறந்து போய்ப் பார்த்தான். கீழலகு மட்டும் இருந்து என்ன பயன்? கவ்விய பழமெல்லாம் நழுவிக் கீழே விழுந்தது. உச்சிவெயில்வரை முயன்றும் ஒரு பழம்கூடத் தொண்டைக்குள் போகவில்லை. தூரத்தில் அவன் மரம் தெரிந்தது. அங்கே இரண்டு உயிர்கள் இவன் வரவுக்காகக் காத்திருந்தன.

அதே அத்திமரத்தில் தின்றுகொண்டிருந்த சடைவால் என்ற மலையணில் இதைப் பார்த்தது.

"அண்ணே, பழத்தை எடுத்து எடுத்துக் கீழே போடுகிறீர்களே! பன்றிகளுக்கு விருந்தா?" என்று சிரித்தது. அருகில் வந்து அலகைப் பார்த்ததும் சிரிப்பு நின்றுவிட்டது. "ஐயையோ! பொன்முதுகி அக்காவிடம் வாங்க, உடனே!"

பொன்முதுகி ஒரு மரங்கொத்தி. மரங்களைக் கொத்திக் கொத்தி, எந்தப் பிசின் எவ்வளவு இறுகும் என்று கற்றிருந்தாள். முறிந்த துண்டைச் சடைவால் தேடி எடுத்து வந்தது. பொன்முதுகி அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"எதில் இடித்தாய், தம்பி?"

செங்கண்ணன் சொன்னான்.

"உன் பெண்டாட்டி பூசிய சுவரை நீயே நெம்பினாயா? நல்ல காவல்காரன்!" என்றாள். உடனே வேலையைத் தொடங்கினாள். மூங்கில் சிம்பு ஒன்றை உள்ளே அண்டைகொடுத்தாள். குங்கிலியப் பிசினைத் தடவித் துண்டைப் பொருத்தினாள். நாரால் இரண்டு அலகையும் சேர்த்துக் கட்டும் முன் ஒன்று சொன்னாள்.

"மூன்று நாள் வாய் திறக்கக் கூடாது. தின்னவும் கூடாது, பேசவும் கூடாது. ஒரு சொல் பேசினாலும் பிசின் விரிசல் விடும். மறுபடி ஒட்ட என்னால் ஆகாது."

"முத்துவுக்கு யார் ஊட்டுவது?"

"நான் ஊட்டுகிறேன், அண்ணே!" என்றது சடைவால். "அலகு முறிந்ததை மட்டும் அவளிடம் சொல்லிவிடாதே, உள்ளே கிடந்து தவித்துப்போவாள்," என்றான் செங்கண்ணன்.

அன்று மாலையே அணில் கன்னம் நிறைய அத்திப்பழத்தோடு பொந்துக்குப் போனது. கையைக் கீற்றில் வைத்ததுதான் தாமதம், உள்ளிருந்து அலகு பாய்ந்து வந்து ஒரு போடு போட்டது.

"அம்மா! அண்ணி, நான் சடைவால்! அண்ணன்தான் அனுப்பினார்!"

"இப்படிச் சொல்லிக்கொண்டு எத்தனை பேர் வருவீர்கள்? அவர் எங்கே? அவரைப் பேசச் சொல்!"

எதிர்க்கிளையில் செங்கண்ணன் வாய் கட்டப்பட்டு உட்கார்ந்திருந்தான். என்ன செய்வதென்று தெரியாமல் சிறகை விரித்து மரத்தைச் சுற்றிப் பறந்தான். இருவாச்சியின் சிறகோசை மலையடிவாரத்தில் ரயில் போவதுபோல் இருக்கும். அதிலும் ஒவ்வொன்றின் ஓசை ஒவ்வொரு விதம்.

உள்ளே சத்தம் அடங்கியது. பிறகு அலகு நுனி மெல்ல வெளியே வந்து, அணில் கையிலிருந்த பழத்தை வாங்கிக்கொண்டது.

"பிடிபட்டது, அண்ணே!" என்று சடைவால் குதித்தது. "நீங்கள் ஒரு சுற்று, நான் ஒரு பழம்!"

அப்படியே நடந்தது. பட்டினியோடு செங்கண்ணன் சுற்றினான். பறக்கிற ஒவ்வொரு முறையும் கீற்றைப் பார்த்துக்கொண்டே போனான்.

இரண்டாம் நாள், மஞ்சள் கழுத்து மரநாய் ஒன்று அவன் கிளைக்கு வந்து உட்கார்ந்தது. தொட்டாலே உள்ளிருந்து குத்துகிற முத்துவிழியின் அலகுக்குப் பயந்து, பல நாளாகப் பொந்தை எட்டி நின்று மோப்பம் பிடித்துக்கொண்டிருந்த மரநாய் அது.

"என்ன மாப்பிள்ளை, இளைத்துப் போய்விட்டாய்? எதற்கு இந்தப் பாடு? என் நகத்தைப் பார்! நொடியில் அந்தச் சுவரைப் பெயர்த்துவிடுவேன். உன் முத்துவிழியை இன்றைக்கே பார்க்கலாம், குஞ்சையும் பார்க்கலாம்! அவளைச் சற்றே பின்னால் தள்ளி நிற்கச் சொல். ஒரே ஒரு சொல், அவ்வளவுதான்!"

செங்கண்ணன் முகத்தைத் திருப்பிக்கொண்டான். ஆனால் காதை மூட முடியவில்லை. அந்த வெளுத்த விழிகள் இன்றைக்கே! அன்று முழுதும் அந்தப் பேச்சே அவனுக்குள் சுற்றியது.

மூன்றாம் நாள் மாலை, பழம் வாங்கிய பிறகு முத்துவிழியின் குரல் கேட்டது.

"சிறகோசை கேட்கிறது. குரல் மட்டும் ஏன் இல்லை? குஞ்சைப் பார்க்க விடவில்லை என்று கோபமா? எனக்கு மட்டும் உங்களைப் பார்க்க ஆசை இல்லையா? ஒரு வார்த்தை பேசுங்களேன்!"

மரநாய் பொந்துக்கு மேல்கிளையில் காத்திருந்தது. "பாவம், கேட்கிறாளே! சொல்லிவிடு மாப்பிள்ளை!"

செங்கண்ணனின் தொண்டை அசைந்தது. அலகுக்குள் பிசின் 'நொறுக்' என்று முனகியது. அந்தச் சத்தம் அவனை உலுக்கியது. சுவரைப் பார்த்தான். அவன் முழுப் பலத்துக்கும் அசையாத சுவர். அதற்குப் பின்னால் பறக்க முடியாத ஒருத்தி, கண் திறக்காத ஒரு குஞ்சு. அதற்கு முன்னால் இந்த நகங்கள்.

அவன் வாய் திறக்கவில்லை. சிறகைத் திறந்தான். மரத்தைச் சுற்றினான், இன்னொரு முறை சுற்றினான், அப்படியே மரநாயின் முகத்தை உரசிக்கொண்டு பாய்ந்தான். மரநாய் பிடி நழுவிக் கிளைகிளையாக இடித்துக்கொண்டு கீழே போனது.

"சரி, சரி," என்றாள் முத்துவிழி உள்ளிருந்து. "கோபமில்லை என்று தெரிந்துவிட்டது."

மறுநாள் காலை பொன்முதுகி நாரை அவிழ்த்தாள். ஒட்டு பிடித்திருந்தது. ஓரத்தில் மயிரிழையாக ஒரு விரிசல். நுனி கொஞ்சம் இடப்பக்கம் சாய்ந்திருந்தது.

"அழகுக்கு நான் பொறுப்பில்லை," என்றாள் அவள்.

முதல் இரண்டு பழங்கள் நழுவின. மூன்றாவது நின்றது. அதைக் கீற்றுக்குள் நீட்டினான். உள்ளே அவள் அலகு அவன் அலகை மெல்லத் தடவிப் பார்த்தது.

"கோணலாக இருக்கே! குங்கிலிய வாடை வேற!"

"நீ வெளியே வந்து பார்த்துச் சொல்."

"அதற்கு இன்னும் ஒன்றரை மாதம் இருக்கு."

"இருக்கட்டும்," என்று சொல்லிவிட்டு, செங்கண்ணன் அடுத்த பழத்துக்குப் பறந்தான்.

சித்திரை மாதம் ஒன்பதாம் நாள் காலை ஏழு மணிக்கு, புது இறகுகள் முளைத்த முத்துவிழி சுவரை உள்ளிருந்து உடைத்துக்கொண்டு வெளியே வந்தாள். உடைந்த இடத்தைக் குஞ்சு உள்ளிருந்தபடியே மறுபடி பூசிக்கொண்டது. அன்றுமுதல் இருவரும் சேர்ந்து ஊட்டினார்கள்.

நாம் நேசிப்பவரைக் காக்கிற சுவரை, நம் ஏக்கம் தாங்காமல் நாமே இடிக்கக் கூடாது.