குழு பிரிக்கிறவருக்குச் சீட்டு

கோமதிநாயகம் அண்ணாச்சியை இசக்கியம்மாள் கடைசியாக உயிரோடு பார்த்தபோதும் அவர் அந்தக் கதையைத்தான் சொல்லிச் சிரித்தார்.

அவர் நடத்திய ஞாயிற்றுக்கிழமை கோடிங் வகுப்பில் அவள் உதவியாளர். "போட்டிக்குக் குழுவை எல்லாம் என் மகன்தான் பிரிப்பான். யாராச்சும் குறை சொன்னா உன் வேலை போச்சு" என்றார் ஒருநாள்.

மகனும் அங்கேதான் படித்தான். கெட்டிக்காரர்களை எல்லாம் ஒரே குழுவில் போட்டு, தன் பெயரையும் அதிலேயே பலகையில் எழுதினான். வகுப்பு முணுமுணுத்தது.

"தம்பி பிரிச்சபடியே இருக்கட்டும் அண்ணாச்சி. தம்பி எந்தக் குழுன்னு மட்டும் சீட்டுக் குலுக்கி எடுப்போம்" என்றாள் இசக்கியம்மாள்.

மகன் எழுந்துபோய்ப் பலகையை அழித்தான். குழுவுக்கு ஒரு கெட்டிக்காரர் என்று பிரித்துப் புதிதாக எழுதினான்.

"ஏல, இவ்வளவு நேரம் இந்த நியாயம் எங்க போயிருந்துச்சு?" அண்ணாச்சிக்கே சிரிப்பு வந்துவிட்டது.

அண்ணாச்சி இன்று இல்லை. அந்த வகுப்பில் குழு பிரிக்கிறவருக்கு இன்னும் சீட்டுத்தான்.