மூணாவது குழி

இன்னும் மூஞ்சியைச் சுவத்துப் பக்கம் திருப்பிக்கிட்டுத்தான் படுப்பியா, தாயி? சரி, படு. காது இந்தப் பக்கந்தான இருக்கு, எனக்கு அது போதும். சாயங்காலம் கொல்லையில நீ அந்தக் கொடியைப் பிடுங்கிட்டன்னு தாத்தா சத்தம் போட்டேன். நீ ஒரு வார்த்தை பேசாம எந்திரிச்சுப் போயிட்ட. சோறு திங்கையிலயும் பேசல. நீ அப்படி எந்திரிச்சுப் போனதும் எனக்கு ஒரு கதை ஞாபகம் வந்துச்சு. யாருக்கும் சொல்லாத கதை. உங்கப்பனுக்கே தெரியாது. ம் கொட்ட வேணாம், கேட்டா போதும்.

ஒரு ஊர்ல ஒரு ராஜான்னு ஆரம்பிப்பேன்ல, இன்னிக்கு ராஜா லீவு. ஒரு மலையில ஒரு ஃபாரஸ்ட் கார்டு இருந்தான், காட்டுக்குக் காவல். காக்கி உடுப்பு, கழுத்துல விசிலு, கால்ல புது பூட்ஸு. நடந்தா டக்கு டக்கு, டக்கு டக்குன்னு சத்தம் வரும், அதைக் கேட்டு அவனே சந்தோசப்பட்டுக்குவான். வயசு இருவத்திமூணு. மலையை அவன் பேருக்கு எழுதி வச்ச மாதிரி ஒரு நெனப்பு.

"நீயும் கார்டுதான தாத்தா?"

அட, பேச்சு வந்துருச்சே. மலையில எத்தனையோ கார்டு இருந்தான் தாயி. நீ கதையைக் கேளு.

அந்த மலையில ஓடைக்கு அங்கிட்டு, ஒரு பெரிய பாறைக்குக் கீழ ஏழெட்டுக் குடிசை. பளியருங்க, மலைவாழ் சனங்க. அந்தக் கார்டோட பாட்டன் பொறக்குறதுக்கு முன்னாடியே அங்க இருந்தவங்க. அதுல சடையன்னு ஒருத்தர், அவர் வீட்டுக்காரி நாச்சி, அவங்க மக குருவம்மா. குருவம்மாவுக்கு உன் வயசுதான் இருக்கும். சடையனுக்குக் கார்டோட அப்பா வயசு. ஆனா கார்டு அவரை "டேய் சடையா"ன்னுதான் கூப்பிடுவான். அவரும் சிரிச்சுக்கிட்டே வருவார்.

அவங்களுக்கு ஒரு வழக்கம். சண்டைன்னு வந்தா திருப்பிப் பேச மாட்டாங்க. யாராவது சத்தம் போட்டா எந்திரிச்சு அந்தப் பக்கம் போயிருவாங்க. கோவம் ஆறுனதும் வருவாங்க. ரொம்பச் சத்தம் போட்டா, வரவே மாட்டாங்க.

"ம்."

சடையன் முன்னெல்லாம் கண்ணி வச்சு முயல் பிடிப்பார். அதுலயும் ஒரு முறை உண்டு. வயித்துல குட்டி இருந்தா அவுத்து விட்டுருவார். அப்போ கார்டு போயி, இனிமே வேட்டை கூடாது, சட்டம் வந்துருச்சுன்னான். சடையன் கண்ணியை எல்லாம் சுருட்டி அவன் கையில குடுத்துட்டார். ஏன்னு கேக்கல. அப்புறம் அவங்களுக்கு மிச்சம் இருந்தது தேனும் கிழங்கும்தான். தேன் ஒரு பருவத்துக்கு. கிழங்குதான் வருசம் பூரா வயித்துக்கு. கடையில வாங்குற சக்கரவள்ளி இல்ல தாயி, இது காட்டு வள்ளி. ஆள் ஆழத்துக்குத் தோண்டணும்.

அப்போ ஒரு நாள், வெயில் காலம். கார்டு டக்கு டக்குன்னு போறான். பாத்தா, தோண்டி மூடுன மாதிரி ஒரு குழி. நடுவுல காஞ்ச கொடி ஒண்ணு குச்சி மாதிரி நிக்குது. கார்டுக்குப் பொறி தட்டுச்சு. ஓகோ, என்னத்தையோ அடிச்சு, கறியைப் புதைச்சு, அடையாளத்துக்குக் குச்சி நட்டிருக்கானுகன்னு நெனச்சான். கொடியைப் பிடிச்சான், சர்ருனு இழுத்தான். கையளவுக்கு ஒரு கிழங்குத் துண்டு வந்துச்சு. தூக்கி வீசுனான். பூட்ஸ் காலால கிளறுனான், பறக் பறக்குன்னு. உள்ள ஒண்ணும் இல்ல.

அந்த நேரம் பாத்து நாச்சி வந்தாங்க. அந்தத் துண்டை எடுத்து, ஊதி, மறுபடியும் குழியில வச்சு, மண்ணைத் தள்ளி, கையால தட்டிக் குடுத்தாங்க. பிள்ளையைத் தூங்க வைக்கிற மாதிரி. அப்புறம் பேசாமப் போயிட்டாங்க.

"திட்டலையா?"

திட்டல. தெரியாம செஞ்சவனை என்னன்னு திட்டுறதுன்னு நெனச்சிருப்பாங்க. அது முதல் குழி.

அப்புறம் மழைக்காலம் வந்துச்சு. சோன்னு மழை. ஓடையில பாசி. கார்டு தாண்டுறான், வழுக்குச்சு, தொம்முன்னு விழுந்தான். கணுக்கால் இம்புட்டுப் பெருசா வீங்கிப் போச்சு. விசிலை ஊதுறான், பீ பீன்னு. யாருக்குக் கேக்கும்? சடையனுக்குக் கேட்டுச்சு. வந்து முதுகுல தூக்கிக்கிட்டுப் போனார். பூட்ஸோட சேத்து. மூணு நாள் அந்தக் குடிசையில கிடந்தான். பச்சிலை வச்சுக் கட்டுனாங்க, கிழங்கைத் தணல்ல சுட்டு, தோலை உரிச்சுக் குடுத்தாங்க. அவங்க வீட்டுல அன்னிக்கு இருந்ததே அதுதான். அவன் தின்னது போகத்தான் அந்தப் புள்ளைக்கு.

மூணாம் நாள் கம்பை ஊணி வெளிய வந்தான். குடிசைக்குப் பக்கத்துலயே அதே மாதிரி ஒரு குழி. "இது என்ன பாப்பா?"ன்னு குருவம்மாவைக் கேட்டான். அந்தப் புள்ள சொல்லுச்சு, "தலை."

"என்ன தலை?"ன்னான் கார்டு.

"கிழங்கோட தலை. உடம்பை நாங்க எடுத்துக்கிட்டோம். தலையை மண்ணுக்குக் குடுத்துட்டோம். மழை பெஞ்சா தலை மறுபடி உடம்பு போட்டுக்கும்."

கார்டு சிரிச்சான். "ரீல் விடாத"ன்னான். குனிஞ்சு, சரக்குன்னு பிடுங்கிட்டான். விளையாட்டுக்குத்தான். பாத்தா, அந்தத் தலையில வெள்ளை வெள்ளையா வேர் விட்டிருக்கு, தையல் நூல் மாதிரி. அந்தப் புள்ள சொன்னது அம்புட்டும் நெசம். இழுத்த இழுப்புல வேரெல்லாம் அறுந்து தொங்குச்சு. குருவம்மா அதைப் பாத்துச்சு, அவன் மூஞ்சியைப் பாத்துச்சு. அப்புறம் எந்திரிச்சுப் போயிருச்சு. நீ போனியே, அதே மாதிரி.

"மறுபடி நட்டானா?"

எங்க. சும்மா விளையாட்டுக்குன்னு வாய்க்குள்ள முனகிக்கிட்டே கீழ இறங்குனான். அது ரெண்டாவது குழி.

தூக்கம் வருதா? இல்லையா? நல்ல இடத்துல தூங்கிருவன்னு பாத்தேன்.

அப்புறம் மறுவருசம் தை மாசம். கீழ ஊர்ல பெரிய எஸ்டேட்காரர் ஒருத்தர். ஜீப்புல வந்தார். துப்பாக்கி வெளிய தெரியுற மாதிரியே வச்சிருந்தார். அப்போ கார்டு என்ன பண்ணணும்? ஜீப்பை நிப்பாட்டணும். அதுக்குத்தான் அவனுக்கு அந்த விசிலு. இவன் ஓடிப் போயி செக்போஸ்ட் கம்பைத் தூக்கி விட்டு, விறைப்பா ஒரு சல்யூட் வச்சான். கொஞ்ச நேரத்துல டுமீல். மலை பூரா குருவி எந்திரிச்சுப் பறந்துச்சு. ஒரு மிளா விழுந்துருச்சு. மிளான்னா பெரிய மான், மாட்டு உசரம் இருக்கும். வயித்துல குட்டி.

"ஐயோ."

ஆமா. ஜீப் திரும்பி வரையில எஸ்டேட்காரர் சன்னல் வழியா ஒரு தூக்குவாளியை நீட்டுனார். கறி. அந்தக் கார்டு வாங்கிக்கிட்டான்.

"தின்னானா?"

தின்னான் தாயி. மிளகு போட்டு வறுத்துத் தின்னான். எலும்பைக் குவாட்டர்ஸுக்குப் பின்னாடி ஒரு குழி வெட்டிப் புதைச்சான். மேல ஒரு கல்லையும் தூக்கி வச்சான்.

மறுநாள் ரத்தத்தைப் பாத்து யாரோ சொல்லி, கார்டுக்குப் பெரிய அதிகாரி, ரேஞ்சர், மேல வந்துட்டார். கூட ஆறு ஆளு, கடப்பாரை, மம்பட்டி. "எவன்டா அடிச்சது?"ன்னு ஒரு அதட்டல். கார்டுக்கு எஸ்டேட்காரர் பேரைச் சொன்னா வேலை போயிரும்னு பயம். அப்போ அவன் கை தானா மேல எந்திரிச்சுச்சு. பாறைப் பக்கம் காட்டுச்சு. "பளியனுக ஐயா. கறியைக் குழியில புதைச்சு, மேல கொடி நட்டு வச்சிருக்கானுக"ன்னான்.

முதல் குழியில அவன் நெனச்சது. ரெண்டாவது குழியில பொய்னு அவனுக்கே தெரிஞ்சது. அதையே எடுத்துச் சொன்னான்.

அப்புறம் என்ன. தொம் தொம், தொம் தொம்னு கடப்பாரை. நாப்பது குழி. மலைச்சரிவு பூரா மறுவருசத்துக்குன்னு அவங்க பத்திரமா வச்சிருந்த தலை அம்புட்டையும் பிடுங்கி வீசுனாங்க. கார்டும் கூட நின்னு பிடுங்குனான். எலும்பு ஒண்ணு கூட வரல. எப்படி வரும்? அந்த மலையில மிளா எலும்பு புதைச்ச இடம் ஒண்ணே ஒண்ணுதான். அதுதான் மூணாவது குழி, அது மேல கல்லு இருக்கு.

ஒண்ணும் கிடைக்கலைன்னதும் ரேஞ்சருக்கு ஆத்திரம். சடையனை உக்கார வச்சு வாய்க்கு வந்தபடி கத்துனார். சடையன் ரேஞ்சரைப் பாக்கல. கார்டைத்தான் பாத்தார். இவன் ஏதாவது சொல்லுவான்னு பாத்திருப்பார். இவன் வாயில கொழுக்கட்டை.

அப்போ சடையன் எந்திரிச்சார். நாச்சி எந்திரிச்சாங்க. குருவம்மா ஒரு சட்டியை எடுத்துத் தலையில வச்சுக்கிச்சு. ஏழெட்டுக் குடிசையும் எந்திரிச்சு, வரிசையா, அந்த உச்சிக்கு அங்கிட்டு நடந்துச்சு. "ஓடுறானுக பாத்தியா, இவனுகதான்"ன்னார் ரேஞ்சர். ஓடலை தாயி. நடந்துதான் போனாங்க. அது அவங்க வழக்கம்னு அங்க நின்ன அத்தனை பேர்லயும் கார்டுக்கு மட்டுந்தான் தெரியும்.

"திரும்பி வந்தாங்களா?"

வரல.

அன்னிக்குச் சாயங்காலமே அவன் அந்த நாப்பது தலையையும் நட்டிருக்கலாம். அங்கனயேதான் கிடந்துச்சு, வெயில்ல. குனிஞ்சு எடுத்து வச்சு மண்ணைத் தள்ளுனா போதும். யாராவது பாத்தா என்ன நெனப்பாங்கன்னு வெக்கப்பட்டு, குவாட்டர்ஸுல போயிக் கதவைச் சாத்திக்கிட்டான். வெக்கப்பட வேண்டியதுக்கு வெக்கப்படாதவன், நடுறதுக்கு வெக்கப்பட்டான். அடுத்த மழைக்கு அந்தச் சரிவுல ஒரு கொடி ஏறல.

அப்புறம் வருசம் ஓடுச்சு. அவனுக்குக் கல்யாணம் ஆச்சு, பிள்ளை ஆச்சு, முடி நரைச்சுச்சு. ரிட்டயர் ஆகுறதுக்கு முந்துன வாரம் பூட்ஸைக் கழட்டி வச்சுட்டு, வெறுங்காலோட உச்சியைத் தாண்டி அங்கிட்டு இறங்குனான். ஒத்த வார்த்தை சொல்லணும்னுதான் போனான். வழி பூரா அதையே வாய்க்குள்ள சொல்லிச் சொல்லிப் பாத்துக்கிட்டுப் போனான்.

அங்க ஒரு தகரக் கொட்டாய். குருவம்மா இருந்துச்சு. அதுவே பேத்தி எடுத்துருச்சு. சடையனும் நாச்சியும் இல்ல, போய்ச் சேந்துட்டாங்க. இவனைப் பாத்ததும் அதுக்கு அடையாளம் தெரிஞ்சுபோச்சு. "கால் வலி தேவலையா?"ன்னு கேட்டுச்சு.

"எந்தக் கால்?"

ஓடையில விழுந்து வீங்குச்சே, அந்தக் கால். முப்பத்தஞ்சு வருசம் கழிச்சு அதைக் கேக்குது. சுட்ட கிழங்கு குடுத்துச்சு. தின்னான். சொல்ல வந்த வார்த்தையைச் சொல்லாம, இன்னொரு கிழங்கை எடுத்து உரிச்சான். கிளம்பையில அது தேக்கெலையில ஒண்ணைச் சுருட்டிக் கட்டி அவன் கையில வச்சுச்சு. "உடம்பு உனக்குக் குடுத்துட்டேன். தலையை நீயே நட்டுக்க"ன்னுச்சு. அம்புட்டுத்தான்.

அந்தத் தலைதான் நம்ம கொல்லையில முருங்கை மரத்துல ஏறுன கொடி.

ஏன் இப்படித் திரும்பிப் பாக்குற? ஆமா தாயி. அந்தக் கார்டுக்குப் பேரு வேலுச்சாமி. உன் ஸ்கூல் நோட்டுல தாத்தா பேருன்னு எழுதுவியே, அந்த வேலுச்சாமிதான். கறியைத் தின்னவன் நான்தான். கையைக் காட்டுனவனும் நான்தான்.

அழுவாத. நீ எதுக்கு அழுகுற? நீ பிடுங்குனது முதல் குழி. உள்ள என்ன இருக்குன்னு தெரியாமப் பிடுங்குன. முதல் குழிக்கு நாச்சி என்னைத் திட்டல, நான் உன்னைத் திட்டிட்டேன். அம்புட்டு நடந்தும் எனக்கு இன்னும் சத்தம் போடத்தான் தெரியுது பாரு.

"தாத்தா."

ம்.

"அந்தம்மாகிட்ட சொல்லவே இல்லையா?"

இல்ல. உன்கிட்டத்தான் சொல்லியிருக்கேன்.

இரு, எங்க எந்திரிக்கிற? கோவமா? போறியா?

என்னது இது, டிபன் பாக்ஸு? இதுக்குள்ள என்ன... அடி ஆத்தி, நம்ம கொடியோட தலை. தூக்கிப் போட்டுட்டன்னுல்ல நெனச்சேன். பயந்துக்கிட்டு ஒளிச்சு வச்சியா? ஈரத்துணியில வேற சுத்தியிருக்க. யார் சொல்லிக் குடுத்தா உனக்கு? யாரும் சொல்லலையா.

வேர் அறுந்துபோகல தாயி. பாரு, ஒண்ணு ரெண்டுதான் போயிருக்கு.

பொழைக்கும். காலையில நடலாம். நீதான் நடணும். குழியை மட்டும் நான் தோண்டித் தாரேன். எனக்கு அதுதான நல்லா வரும். தலையை நீ வையி. மண்ணை நீ தள்ளு, நீயே தட்டிக் குடு. அதுல என் கை வேணாம்.

பள்ளிக்கூடம் லீவு விட்டதும் உச்சிக்கு அங்கிட்டு ஒருக்கா போயிட்டு வருவோம். நீ கூட நின்னா எனக்கு வாய் வரும்னு நெனக்கிறேன். வருவியா?

"ம்."

சரி, டிபன் பாக்ஸைத் தலமாட்டுல வையி. மூடியை இறுக்காத, அதுக்கு மூச்சு முட்டும். கதை மண்ணுக்குள்ள போயிருச்சு, கண்ணை மூடு.