கிழமைப் பத்தி

“மூணாவது தடவை மேடம். தப்பு எங்க இருக்குன்னு மட்டும் சொல்லுங்க.”

“தப்பு எதுவும் இல்ல, தெபோராள்.”

“அப்போ ஏன் கையெழுத்துப் போட மாட்டேங்கறீங்க?”

பேராசிரியர் ஃபர்சானா ஆய்வேட்டை மூடினார். மேஜையின் இந்தப் பக்கமாகத் தள்ளிவைத்தார். அவ்வளவுதான்.

தெபோராள் அதை எடுத்துக்கொண்டு வெளியே வந்தாள். அவள் கதவைச் சாத்திய சத்தத்தில் வராந்தாவில் நின்ற பிள்ளைகள் பேச்சை நிறுத்தினார்கள்.


தெபோராளுக்கு நாற்பத்துநான்கு வயது. பேராசிரியருக்கு முப்பத்துமூன்று. வகுப்பில் மற்றவர்கள் யாருக்கும் இருபத்திரண்டைத் தாண்டாது. அவர்கள் அவளை ஆன்ட்டி என்றார்கள். முதல் வாரமே அதற்கு ஒரு சண்டை போட்டாள். பிறகு அவளை யாரும் எப்படியும் கூப்பிடவில்லை.

பயன்பாட்டுப் புள்ளியியலும் தரவுப் பகுப்பாய்வும். இரண்டு வருட எம்.எஸ்ஸி. பெங்களூரில் வேலை கிடைக்கும் என்று மற்றவர்கள் சேர்ந்திருந்தார்கள். தெபோராள் ஒரு சிவப்புத் தூணுக்காகச் சேர்ந்திருந்தாள்.

பன்னிரண்டு வருடம் அவள் ஓர் அரசு மருத்துவமனையில் பச்சிளங்குழந்தைப் பிரிவின் பொறுப்புச் செவிலியர். ஒருநாள் ஆய்வுக் கூட்டத்தில் மாவட்ட அதிகாரி திரையில் ஒரு புள்ளிவிவர வரைபடம் போட்டுக் காட்டினார். இரண்டே தூண்கள். பக்கத்து மாவட்ட மருத்துவமனையில் நூற்றுத்தொண்ணூறு குழந்தைகள் சேர்ந்து பதினெட்டு இறந்திருந்தன. அது பச்சைத் தூண். அவள் பிரிவில் இருநூற்றுப்பதினான்கில் முப்பத்தொன்று. அது சிவப்பு.

யார் பொறுப்பு என்று அதிகாரி கேட்டார். எல்லோரும் அவளைப் பார்த்தார்கள். அவள் எழுந்து நின்று, எங்களிடம் வரும் குழந்தைகள் வேறு மாதிரி சார் என்று ஆரம்பித்தாள். எண் பேசும்போது கதை வேண்டாம் என்று சொல்லி அவர் அவளை உட்காரவைத்தார்.

அடுத்த வாரம் அவளை ஊசி போடும் அறைக்கு மாற்றினார்கள்.

அன்று பிடித்த கோபம் இறங்கவேயில்லை. சோற்றுக்கு உலை வைக்கும்போதும் அந்தத் தூண்தான் கண்ணில் நின்றது. கணவர் விட்டுத்தள்ளு என்றார். அவள் படிப்பு விடுப்புக்கு எழுதிப் போட்டாள். எண்தானே பேச வேண்டும், பேசட்டும்.


படிப்பு அவளை லேசில் விடவில்லை. நிகழ்தகவுத் தாளில் முதல் தடவை தோற்றாள். கணித அணிகளைக் கனவில் பெருக்கினாள். தன் பாதி வயதுள்ள பையன் கணினியில் பத்து நிமிடத்தில் முடிப்பதை அவள் ஒரு பகல் முழுக்க உட்கார்ந்து முடித்தாள். எழுந்து போகவில்லை.

இரண்டு மருத்துவமனைகளின் பதிவேடுகளையும் தகவல் உரிமைச் சட்டத்தில் கேட்டாள். மறுத்தார்கள். மேல்முறையீடு செய்தாள். மறுபடி மறுத்தார்கள். மறுபடி செய்தாள். கடைசியில் பெயர்களைக் கறுப்பு மையால் அடித்து, நகல்களை ஒரு சாக்கில் கட்டி அனுப்பினார்கள். குழந்தை ஒவ்வொன்றுக்கும் ஒரு வரி. வரிக்குப் பதினான்கு பத்திகள். எடை, பிறந்த இடம், எத்தனை மணி நேரம் கழித்து வந்தது, மூச்சுத் திணறல் உண்டா, இப்படி. நானூற்று நான்கு வரிகளையும் அவளே தட்டெழுதினாள்.

எண் பேசியது. ஒன்றரைக் கிலோவுக்குக் குறைந்த குழந்தைகள் பக்கத்து மாவட்டத்தில் இருபத்திரண்டு. அவள் பிரிவில் தொண்ணூற்றாறு. அந்த எடையில் அங்கே நூற்றுக்கு முப்பத்தாறு இறந்தன, இங்கே இருபத்தாறு. அதற்கு மேல் எடையுள்ள குழந்தைகளிலும் இங்கேதான் இறப்பு குறைவு. பிழைக்க வழியில்லாத குழந்தைகளையெல்லாம் சுற்றுவட்டாரம் முழுக்க அவளிடம் அனுப்பியிருந்தது. அவளும் வாங்கிக்கொண்டிருந்தாள். அதற்குத்தான் சிவப்பு.

அன்று அவள் கணினி அறையில் சத்தமாகச் சிரித்தாள். நல்ல சிரிப்பு இல்லை.

எண்பது பக்கம் எழுதிக் கொண்டுபோனாள்.

முதல் தடவை ஃபர்சானா கேட்டது, இதை எழுதினது யாரு என்று. நான்தான் என்றாள். வக்கீல் எழுதின மாதிரி இருக்கு என்று சொல்லித் திருப்பிக் கொடுத்தார்.

தெபோராள் சொற்களைத் தணித்து எழுதினாள்.

இரண்டாம் தடவை, இதில் உங்களுக்குக் கஷ்டமாக இருந்தது எது என்று கேட்டார். எதுவும் இல்லை, நான் நினைத்தபடியே வந்தது என்றாள். அதற்கும் திருப்பிக் கொடுத்தார்.

மூன்றாம் தடவை கேள்விகூட இல்லை.


மறுநாள் காலை அவள் ஒரு வரியும் திருத்தாமல் அதே கட்டோடு வந்தாள். உட்காரவில்லை.

இங்கே மின்விசிறிக்குக் கீழே உட்கார்ந்து திருப்பித் திருப்பிக் கொடுப்பது சுலபம் என்றாள். அந்த அதிகாரிக்கும் உங்களுக்கும் என்ன வித்தியாசம் என்று கேட்டாள். வராந்தாவரை கேட்டது.

“ஒரு குழந்தையையாவது கையில வெச்சுக்கிட்டு, அது போறதைப் பாத்திருக்கீங்களா நீங்க?”

“இல்ல.”

“அப்புறம் என்ன தெரியும் உங்களுக்கு?”

“ஒண்ணும் தெரியாது. அதனாலதான் உங்களைக் கேக்கறேன்.”

ஃபர்சானா ஆய்வேட்டின் பின்னிணைப்பைப் பிரித்தார். பதிவேட்டின் பதினான்கு பத்திகளுக்கும் அங்கே தலைப்பு இருந்தது. பேனாவை எடுத்து, ஆய்வில் பயன்படுத்திய தலைப்புகளை ஒவ்வொன்றாக டிக் அடித்துக்கொண்டு போனார். எடை. டிக். பிறந்த இடம். டிக். அவசரமே இல்லாமல் அடித்தார்.

பதின்மூன்று டிக்.

தாளைத் திருப்பி அவள் பக்கம் வைத்தார். பேனாவை மூடினார்.

டிக் விழாத தலைப்பு ஒன்றுதான். கிழமை.

தெபோராள் அந்தத் தாளைக் கசக்கிக் குப்பைக்கூடையில் போட்டுவிட்டுப் போனாள்.


ஒன்பது நாள் அவள் பல்கலைக்கழகம் பக்கம் வரவில்லை. வீட்டில் பாத்திரங்கள் நொறுங்காத குறை. நேற்றுப் பிறந்த பிள்ளை எனக்குப் பாடம் நடத்துகிறாள் என்று கணவரிடம் கத்தினாள். அவர் பதில் சொல்லாததற்கும் கத்தினாள்.

கிழமையை அவள் பார்க்காமல் இல்லை. நானூற்று நான்கு வரிகளையும் தட்டெழுதியவள். இறந்த குழந்தைகளின் வரிகளில் ஒரே சொல் திரும்பத் திரும்ப வந்ததை விரல்கள் அப்போதே கண்டுகொண்டிருந்தன. அவள்தான் கேட்கவில்லை.

பத்தாம் நாள் மத்தியானம் கணினி அறைக்குப் போனாள்.

தன் பிரிவில் இறந்த முப்பத்தொன்றை ஏழு நாளுக்குப் பிரித்தால் நாளுக்கு நாலு, நாலரை வரும். ஞாயிற்றுக்கிழமையில் மட்டும் பதினொன்று இறந்திருந்தன.

எடையைக் கணக்கில் எடுத்துப் பார்த்தாள். வெளியூரிலிருந்து வந்த குழந்தைகளைத் தனியாக வைத்துப் பார்த்தாள். பதினொன்று கரையவில்லை. தற்செயலாக இப்படி விழ ஆயிரத்தில் மூன்று வாய்ப்புகூட இல்லை.

பன்னிரண்டு வருடமும் பணிப்பட்டியல் போட்டவள் அவள். ஞாயிற்றுக்கிழமை அவள் கோயிலில் பாடகர் குழுவில் நிற்பாள். மூத்த செவிலியர்களும் அன்று விடுப்பு கேட்பார்கள், கொடுப்பாள். வார்டில் புதிதாகச் சேர்ந்த இரண்டு பெண்கள் இருப்பார்கள்.

கணினியை அணைக்காமல் அப்படியே எழுந்து ஃபர்சானாவின் அறைக்கு நடந்தாள்.

“ஞாயித்துக்கிழமை டாக்டரும் கிடையாது மேடம். போன்லதான். லேப் பூட்டியிருக்கும். அதுவும் என் குத்தமா?”

“தெரியாது. எண் என்ன சொல்லுது?”

“பிரிச்சுச் சொல்ல மாட்டேங்குது. எல்லாம் ஒரே நாள்ல கெடக்கு.”

“பிரிக்க முடியலன்னு எழுதுங்க.”

“எழுதினா அவங்க இதை மட்டும்தான் படிப்பாங்க.”

“ஆமா.”

“மத்த எண்பது பக்கமும் குப்பைக்குப் போகும்.”

“போகலாம்.”

ஓர் ஆறுதல் சொல்லுக்காக அவள் நின்றாள். வரவில்லை. இந்த மேஜையைக் கவிழ்த்துவிட்டுப் போனால் என்ன என்று தோன்றியது. முன்பே தெரிந்துதான் இங்கே கொண்டுவந்து நிறுத்தினீர்களா என்று கேட்டாள்.

தொடாமல் ஒரு பத்தி கிடந்தது, அது மட்டும்தான் தெரியும் என்றார் ஃபர்சானா.


கடைசி அத்தியாயம் எட்டுப் பக்கம். பல்லைக் கடித்துக்கொண்டு எழுதினாள். ஞாயிற்றுக்கிழமைகளில் பொறுப்புச் செவிலியர் பணியில் இல்லை என்று தொடங்கியது. மருத்துவர் இல்லாததும் இருந்தது. ஆய்வகம் பூட்டியிருந்ததும் இருந்தது. எது எவ்வளவு என்று இந்தத் தரவால் சொல்ல இயலாது என்பதும் இருந்தது.

ஃபர்சானா எட்டுப் பக்கத்தையும் படித்தார். கையெழுத்துப் போட்டார்.


வாய்மொழித் தேர்வுக்குச் சென்னையிலிருந்து ஒரு முதிய பேராசிரியர் வந்திருந்தார். பதிவேடு தங்களுடையது என்பதால் மாவட்ட அலுவலகம் தன் கண்காணிப்பாளரை அனுப்பியிருந்தது. அவர் முன்வரிசையில் குறிப்பேட்டைத் திறந்துவைத்து உட்கார்ந்திருந்தார். வகுப்புப் பிள்ளைகள் எல்லோரும் பின்னால்.

முக்கால் மணி நேரம் தெபோராள் பேசினாள். எடைப் பகுதி வந்தபோது தேர்வாளர் இரண்டு முறை தலையசைத்தார். கண்காணிப்பாளர் எதையும் எழுதவில்லை. ஞாயிற்றுக்கிழமை வந்ததும் அவருடைய பேனா ஓடத் தொடங்கியது.

தெபோராள் அந்தப் பேனாவைப் பார்த்துக்கொண்டே முடித்தாள்.

தேர்வாளர் கடைசி அத்தியாயத்தைப் புரட்டினார்.

“பொறுப்புச் செவிலியர்னு போட்டிருக்கீங்களே, அது யாரும்மா?”

“நான்தான் சார்.”

பின்வரிசையில் இரண்டு பேர் எட்டிப் பார்த்தார்கள்.

அவர் கண்ணாடியைக் கழற்றினார். குரலைத் தாழ்த்திக்கொண்டார். மற்ற அத்தியாயங்கள் அருமையாக இருக்கின்றன என்றார். ஒரு நல்ல இதழுக்கே அனுப்பலாம், அந்தச் சிவப்புத் தூணைப் போட்டவர் தலைகுனிய வேண்டியிருக்கும் என்றார். இந்த எட்டுப் பக்கம்தான் எல்லாவற்றையும் கெடுக்கிறது. தேர்வாளர் என்ற முறையில் திருத்தம் சொல்லத் தமக்கு உரிமை உண்டு, இன்றைக்கே சொல்லிவிடலாம் என்றார்.

“பதினொண்ணுங்கிறது ரொம்பச் சின்ன எண்மா. இதை வெச்சு எதையும் நிரூபிக்க முடியாது. உங்களுக்கும் நல்லதில்ல. எடுத்துடுங்களேன்.”

தெபோராள் ஃபர்சானாவைப் பார்த்தாள். அவர் மேஜைமேல் இருந்த தாள்களைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

கண்காணிப்பாளர் பேனாவை நிறுத்தி நிமிர்ந்தார்.

அவளுக்குக் கோபம் வந்தது. அந்த அதிகாரிமேல் வந்ததைவிட, ஃபர்சானாமேல் வந்ததைவிடப் பெரிய கோபம். இந்த நல்ல மனிதர்மேல் ஏன் வர வேண்டும் என்று அவளுக்குத் தெரியவில்லை. மேஜை விளிம்பைப் பிடித்துக்கொண்டாள்.

“பதினொண்ணுல எந்தப் பிள்ளையை எடுக்கணும் சார்?”