வரதராஜுலுவின் பாதுகாப்பு வகுப்பு

ராஜபாளையம் பக்கம் ஒரு நூற்பாலையில் தொழிலாளர்களுக்குக் கட்டாயப் பாதுகாப்பு வகுப்பு நடந்தது. ஷாக் அடித்தவரைக் காப்பாற்றுவது எப்படி என்று அதிகாரி வரதராஜுலு திரையில் படம் காட்டிப் பேசிக்கொண்டே போனார். கூட்டிப் பெருக்கும் குருவம்மாள் கண்ணயர்ந்துவிட்டாள்.

வரதராஜுலு பார்த்துவிட்டார். “என் வகுப்பிலே தூக்கமா? இந்த வகுப்பால பிரயோஜனமில்லைன்னு நினைச்சா, அதை இங்கேயே நிரூபி. இல்லேன்னா நாளையிலிருந்து வேலைக்கு வராதே!”

குருவம்மாள் எழுந்தாள். “அந்த ஓடாம நிக்கிற மிஷினைப் பிடிச்சுக்கிட்டு, ஷாக் அடிச்ச மாதிரி நடிங்க சார். இவங்க காப்பாத்தட்டும்.”

அவர் சிரித்தபடியே போய் மிஷினைப் பிடித்துத் துடித்தார். ஒருவன் பாய்ந்து அவர் தோளைப் பிடித்து இழுத்தான். அவனை இன்னொருவன் இழுத்தான். மூன்றாமவன், வலிப்பு வந்தவருக்குக் கொடுப்பதுபோல், சாவிக்கொத்தை அவருடைய மறு கையில் திணித்தான்.

“முதல்ல மெயின் சுவிட்சை அணைக்கணும்னு இப்பத்தானேய்யா சொன்னேன்!” என்று கத்தினார்.

“ஷாக் அடிச்ச ஆளு பேச மாட்டாரு சார்,” என்றாள் குருவம்மாள். “நான் முழிச்சிருந்தாலும் இப்படித்தான் ஓடியாந்து பிடிச்சிருப்பேன்.”

வரதராஜுலு மிஷினை விட்டுவிட்டுக் கூட்டத்தின் பக்கம் திரும்பினார்.

“மெயின் சுவிட்ச் எங்கே இருக்குன்னு தெரிஞ்சவங்க கை தூக்குங்க.”

ஒரு கையும் உயரவில்லை. அவர் திரையைச் சுருட்டி வைத்தார்.

“எல்லாரும் எழுந்து வாங்க. சுவிட்ச் இருக்கிற இடத்தைக் காட்டுறேன், ஆளுக்கு ஒருதரம் அணைச்சுப் பார்த்துடுவோம். குருவம்மா, நீ முதல்ல வா.”