முள்ளம்பன்றி டீச்சரும் பீரோச் சாவியும்

காட்டாற்றின் கரையில் ஒரு மருதமரம். மரத்தடியில் ஒரு பள்ளிக்கூடம். அதன் தலைமை ஆசிரியை ஒரு முள்ளம்பன்றி. வடிவாம்பாள் என்று பெயர். கோபம் வந்தால் முதுகு முள்ளெல்லாம் குத்திட்டு நிற்கும். ஆனால் இதுவரை எந்தக் குட்டிக்கும் அதனால் ஒரு கீறல்கூடப் பட்டதில்லை.

பள்ளியில் மொத்தம் முப்பது பிள்ளைகள். இருபத்திரண்டு பேருக்கு வீடு இக்கரையில். எட்டுப் பேருக்கு அக்கரையில். கோடையில் அந்த எட்டுப் பேரும் ஆற்றுப் பாறைகளின் மேல் தாவித் தாவி வந்துவிடுவார்கள். ஆடி பிறந்தால் போச்சு! ஒரே நாளில் ஆறு பொங்கிப் பாறைகளை மூடிவிடும். பிறகு ஐப்பசி முடியும்வரை அக்கரை வேறு, இக்கரை வேறு.

அந்த நான்கு மாதமும் வடிவாம்பாள் டீச்சர் ஒரு காரியம் செய்வார். காலையில் பெயர் கூப்பிடும்போது, வராத அந்த எட்டுப் பெயரையும் சேர்த்தே கூப்பிடுவார்.

"தும்பை!" என்பார். தும்பை அக்கரை முயல்குட்டி. பதில் வராது. ஒரு மூச்சு விடும் நேரம் காத்திருந்துவிட்டு அடுத்த பெயருக்குப் போவார்.

"சில்லு!" என்பார். சில்லு ஒரு கீரிக்குட்டி. கோடையில் இருந்தால், "உள்ளேஏஏஏன் டீச்சர்!" என்று மரத்துக் காக்கையெல்லாம் பறக்கும்படி கத்துவாள். "ஏண்டி, எனக்கென்ன காது செவிடா?" என்று டீச்சர் அதட்டுவார். இப்போது அந்தக் கத்தலுக்காக அவர் மனசு ஏங்கும். ஆற்றின் இரைச்சல்தான் கேட்கும்.

"வராதவங்களை ஏன் டீச்சர் கூப்பிடறீங்க?" என்று ஒரு குரங்குக்குட்டி கேட்டான்.

"வாயை மூடிட்டுப் பாடத்தைப் பார்!" என்றார் டீச்சர். முள் ஒன்றும் நிற்கவில்லை. 

போன வருஷம் மழை ஓய்ந்து சில்லு திரும்பி வந்தாள். எழுத்தில் பாதியை மறந்திருந்தாள். கூடவே வந்த தாய்க்கீரி நேராக டீச்சரிடம் போனாள்.

"டீச்சர், வருஷத்துல நாலு மாசம் இப்படிச் சும்மா கிடந்தா இவளுக்குப் படிப்பு எங்கே ஏறும்? அடுத்த மழைக்கும் இதே கதைன்னா நாங்க மேட்டுக்காட்டுக்குக் கிளம்பிடுவோம். அங்கே எங்க அண்ணன் இருக்கான். வளை தோண்டக் கத்துக்கிட்டுப் பிழைச்சுக்கட்டும்!"

"அவசரப்படாதீங்கம்மா! அடுத்த மழைக்குள்ள நான் ஏதாவது வழி பண்றேன்!" என்றார் டீச்சர். மனசார வாக்குக் கொடுத்தார். அதில் சந்தேகமே இல்லை. ஆனால் பாருங்கள், நடுவில் ஒரு மயில் வந்து சேர்ந்தது!

பக்கத்துப் பள்ளியின் தலைமை ஆசிரியர்தான் அந்த மயில். தலைமை ஆசிரியர்கள் கூட்டத்தில் வந்து தோகையை விரித்தார்.

"எங்க பள்ளியில டேப்லெட் வந்தாச்சு! விரலால தொட்டா படம் ஆடும், பாட்டுப் பாடும்! உங்க பள்ளியில இன்னும் கரும்பலகைதானா?"

வடிவாம்பாள் டீச்சருக்கு வயிறு எரிந்தது. சும்மா எரியவில்லை, நன்றாகவே எரிந்தது. அந்த வாரமே கல்வித் துறையிலிருந்து கடிதமும் வந்தது. 'உங்கள் பள்ளிக்கு என்ன தொழில்நுட்பம் வேண்டும்? எதற்காக வேண்டும்? திட்டம் எழுதி அனுப்பவும்.'

டீச்சர் பேனாவை எடுத்தார். என்ன வேண்டும் என்ற இடத்தில், 'மயில் பள்ளியில் இருப்பதெல்லாம்' என்று எழுதினார். எதற்காக என்ற இடத்தில் என்ன எழுதுவது? கொஞ்ச நேரம் யோசித்தார். 'மாணவர்களின் முன்னேற்றத்திற்காக' என்று எழுதி, கீழே கையெழுத்துப் போட்டு அனுப்பிவிட்டார். எல்லாப் பள்ளியிலும் அப்படித்தான் எழுதுகிறார்கள், அவரை மட்டும் சொல்லி என்ன?

மாசியில் இருபது டேப்லெட் வந்து இறங்கியது. பள்ளியே திருவிழாக் கோலம்! ஒவ்வொரு டேப்புக்கும் சந்தனம் தடவி, குங்குமப் பொட்டு வைத்தார்கள். துறை அதிகாரியான யானை ஐயா வந்து கற்பூரம் ஏற்றினார். எல்லாரும் நின்று போட்டோ எடுத்துக்கொண்டார்கள்.

"ஜாக்கிரதை டீச்சர்! ஒண்ணு உடைஞ்சாலும் நீங்கதான் பதில் சொல்லணும்!" என்று தும்பிக்கையை ஆட்டிவிட்டுப் போனார் யானை ஐயா.

அவ்வளவுதான். டீச்சருக்குத் தூக்கம் போயிற்று. இருபது டேப்பையும் இரும்பு பீரோவுக்குள் அடுக்கினார். மேலே ஒட்டியிருந்த பிளாஸ்டிக் தாளைக்கூட உரிக்கவில்லை. பீரோவைப் பூட்டி, சாவியைத் தன் முதுகு முள் ஒன்றில் மாட்டிக்கொண்டார். நடக்கும்போதெல்லாம் அது கிணுங் கிணுங்கென்று ஆடும்.

ஒருநாள் தூசி தட்டுவதற்காக பீரோவைத் திறந்தார். பின்னாலேயே வந்து நின்றாள் சில்லு.

"டீச்சர், இதுல பேசினா அக்கரைக்குக் கேக்குமா?" என்று ஒரு டேப்பின் மேல் மூக்கை வைத்துக்கொண்டு கேட்டாள்.

"கையை எடு! மூக்கையும் எடு! கீறல் விழுந்தா நான்தானே பதில் சொல்லணும்!" என்று டீச்சர் படீரென்று கதவைச் சாத்தினார்.

சில்லு ஓடிப்போனாள். அவள் கேட்ட கேள்வி டீச்சரின் காதில் விழுந்தது. மனசில் ஏறவில்லை.

ஆடி பிறந்தது. ஆறு பொங்கியது. பாறைகள் மூழ்கின. மறுபடியும் எட்டுப் பெயர், மறுபடியும் பதில் இல்லை. கொடுத்த வாக்கு அப்போதுதான் டீச்சரைக் குடைய ஆரம்பித்தது. காலையில் பெயர் கூப்பிட்டு முடித்ததும் கரைக்குப் போய் நிற்பார். அக்கரையில் ஏதாவது சின்னத் தலை தெரிகிறதா என்று கழுத்தை நீட்டிப் பார்ப்பார். மழைச்சாரலில் ஒன்றும் தெரியாது. கண்ணில் தண்ணீர் முட்டும். சாரல் என்று சொல்லித் துடைத்துக்கொள்வார்.

மூன்றாவது வாரம், துறையிலிருந்து ஒரு மரங்கொத்தி வந்தாள். பொற்கொடி என்று பெயர். தலைமை ஆசிரியர்களோடு உட்கார்ந்து தொழில்நுட்பத் திட்டம் போட்டுத் தருவது அவள் வேலை. வந்ததும் வராததுமாகத் தூணைத் தட்டினாள், பெஞ்சைத் தட்டினாள், கடைசியில் பீரோவை டொக் டொக்கென்று தட்டினாள்.

"உள்ளே என்ன டீச்சர்?"

"டேப்லெட், மேடம்! இருபது! ஒரு கீறல் கிடையாது! பொட்டுக்கூட அழியலை!" என்று டீச்சர் பெருமையாகத் திறந்து காட்டினார்.

"அடடா! பிள்ளைங்க இதை வச்சு என்ன பண்றாங்க?"

"பிள்ளைங்களா? ஐயோ, அவங்க கையில குடுத்தா என்ன ஆகும்!"

பொற்கொடி சிரிக்கவில்லை. "நான் மரத்தைச் சும்மா கொத்தமாட்டேன் டீச்சர். முதல்ல தட்டிப் பார்ப்பேன். உள்ளே எங்கே புழு இருக்குன்னு கேட்டப்புறம்தான் கொத்துவேன். இல்லாட்டி அலகு தேயும், வயிறு நிறையாது. இப்போ உங்களைத் தட்டிக் கேக்கறேன். இந்தப் பள்ளியில உங்களுக்கு என்ன குறை?"

"பெரிய திரை இல்லை. ஒலிபெருக்கி இல்லை. படம் ஆடற பலகை..."

"அதெல்லாம் மயில் சாரோட ஆசை! உங்க குறை என்ன?"

"கம்ப்யூட்டர் அறைக்குக் கூரை..."

"டீச்சர்! தினமும் காலையில எது இல்லாம உங்களுக்கு வலிக்குது?"

வடிவாம்பாள் டீச்சர் பீரோவை விட்டு விலகினார்.  ஆற்றுப் பக்கம் திரும்பிக்கொண்டார். முள்ளெல்லாம் படிந்து, பாதியாகச் சுருங்கிப்போனது போல் இருந்தார்.

"எட்டுப் பேர்..." என்றார் மெதுவாக. "அக்கரையில எட்டுப் பேர் மேடம். தினமும் கூப்பிடறேன். ஒரே ஒரு தடவை, 'உள்ளேன் டீச்சர்'னு ஒரு குரல் கேட்டாப் போதும். எனக்கு வேற ஒண்ணுமே வேண்டாம்!"

"குரல்தானே வேணும்?" என்றாள் பொற்கொடி. "குரலை ஆத்துக்கு மேல கொண்டுபோறதுக்குத்தானே இது இருக்கு!"

டீச்சர் பீரோவைப் பார்த்தார். சில்லுவின் மூக்கு பதிந்த தடம் அந்த டேப்பின் பிளாஸ்டிக் தாளில் இன்னும் இருந்தது. 'இதுல பேசினா அக்கரைக்குக் கேக்குமா?' அன்றைக்கு அந்தக் குட்டி கேட்டாளே! வாக்குக் கொடுத்த டீச்சருக்குத் தோன்றாதது அந்தக் குட்டிக்குத் தோன்றியதே! டீச்சர் தலையில் அடித்துக்கொண்டார்.

இரண்டு பேரும் அவசர அவசரமாக டேப்களை வெளியே எடுத்தார்கள். ஐந்து மாதம் சார்ஜ் இல்லாமல், ஈரக்காற்றில் கிடந்தவை. சார்ஜ் போட்டுப் பார்த்தார்கள். ஒன்று, இரண்டு, பத்து, பதினைந்து... எதுவும் விழிக்கவில்லை. கடைசியில் மூன்றே மூன்று கண் திறந்தன.

"பாடுபட்டுப் பத்திரமா வச்சேனே மேடம்!" என்று டீச்சர் அழுதேவிட்டார்.

"மூணு இருக்குல்ல, போதும்! ஒண்ணு உங்ககிட்டே. ஒண்ணு அக்கரையில. சார்ஜ் தீர்ந்தா மூணாவதைக் குடுத்து அதை வாங்கிக்கலாம். படம் வேண்டாம், பாட்டு வேண்டாம், குரல் மட்டும். தினமும் காலையில ஒரு மணி நேரம். அக்கரையில யார் வச்சுப்பாங்க? யார் கொண்டுபோவாங்க?"

டீச்சருக்கு இப்போது பதில் மளமளவென்று வந்தது. வைத்துக்கொள்ளத் தும்பையின் அம்மா இருக்கிறாள், நிதானமானவள். சிக்னல் கிடைக்க அக்கரைப் பெரும்பாறை இருக்கிறது. கொண்டுபோகத் தபால்காரர் இருவாட்சி இருக்கிறார், பெரிய அலகுள்ள பறவை, வாரம் இரண்டு முறை ஆற்றைத் தாண்டுகிறவர். திட்டம் ஒரே பக்கத்தில் முடிந்தது. எதற்காக என்ற இடத்தில் டீச்சர் எட்டுப் பெயரை எழுதினார்.

இருவாட்சி வந்தார். டேப்பை அலகில் கவ்விக்கொண்டு, "ஆத்துல விழுந்தா நான் பொறுப்பில்ல!" என்று மூக்கால் சொன்னார்.

"விழுந்தா விழட்டும்! நான் பதில் சொல்லிக்கறேன்!" என்றார் வடிவாம்பாள் டீச்சர். சொல்லிவிட்டுக் கண்ணை இறுக்கி மூடிக்கொண்டார். திறந்தபோது இருவாட்சி அக்கரை மரங்களுக்குள் இறங்கிக்கொண்டிருந்தார்.

மறுநாள் காலை. டேப்பைப் பெஞ்சின் மேல் வைத்து, முப்பது பெயர் இருந்த பதிவேட்டை விரித்தார் டீச்சர்.  இக்கரைப் பிள்ளைகள் டேப்பைச் சுற்றி நெருக்கிக்கொண்டு உட்கார்ந்தார்கள்.

"தும்பை!"

கரகரவென்று ஒரு சத்தம். ஆற்று இரைச்சல். பிறகு, "உள்ளேன் டீச்சர்!"

மருதமரமே அதிர்ந்தது! இக்கரைப் பிள்ளைகள் குதித்தார்கள். குரங்குக்குட்டி குட்டிக்கரணம் போட்டான். டீச்சர் அழுதுகொண்டே அடுத்த பெயரைக் கூப்பிட்டார். "உள்ளேன் டீச்சர்!" அடுத்த பெயர். "உள்ளேன் டீச்சர்!" ஒன்றன்பின் ஒன்றாக ஏழு குரல்கள் ஆற்றைத் தாண்டி வந்தன.

"சில்லு!"

கரகரவென்ற சத்தம் மட்டும் வந்தது.

"சில்லு! ஏண்டி, எப்பவும் கத்துவியே, இப்போ என்ன வெக்கமா?"

பதிலுக்குத் தும்பையின் குரல் வந்தது. "டீச்சர், சில்லு இல்ல. அவங்க அம்மாவோட மேட்டுக்காட்டுக்குப் போயிட்டா. போன வாரம்தான் போனா. பெரும்பாறையில ஏறி நின்னு ரெண்டு நாள் உங்களைக் கூப்பிட்டா டீச்சர். உங்களுக்குக் கேக்கலையா?"

 டீச்சர் பெஞ்சைப் பிடித்துக்கொண்டார். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு, அந்த ஏழு பேருக்கும் இக்கரைப் பிள்ளைகளுக்கும் சேர்த்து அன்றைய பாடத்தை நடத்தினார். ஒரு மணி நேரம் முழுதாக நடத்தினார்.

பாடம் முடிந்ததும் பொற்கொடியைக் கேட்டார். "மூணாவது டேப்பை மேட்டுக்காட்டுக்கு அனுப்பிடட்டுமா மேடம்?"

"அப்போ அக்கரை டேப்புக்குச் சார்ஜ் தீர்ந்தா மாத்த ஒண்ணும் இருக்காதே டீச்சர்?"

"இருவாட்சிகிட்டே கெஞ்சிக்கறேன். சார்ஜ் தீரப்போற நாள் சாயங்காலம் எடுத்துட்டு வந்து, மறுநாள் விடியறதுக்குள்ள கொண்டுபோய் வைக்கட்டும்."

பொற்கொடி தலையாட்டினாள். மூக்குத் தடம் பதிந்த அந்த டேப், நல்லவேளையாகப் பிழைத்த மூன்றில் ஒன்று. அதைத்தான் டீச்சர் இருவாட்சியிடம் கொடுத்தார். "மேட்டுக்காட்டுல கீரி வளை எங்கேன்னு விசாரிச்சுக் குடுத்துடுங்க" என்றார். அது பெரிய காடு. தேடிப் பார்ப்பதாகச் சொல்லிவிட்டு இருவாட்சி பறந்துபோனார்.

பீரோவை இப்போது பூட்டுவதில்லை. சாவியைக் குரங்குக்குட்டி விளையாட எடுத்துக்கொண்டான். தினமும் காலையில் டீச்சர் பெயர் கூப்பிடுகிறார். வரிசையை மட்டும் மாற்றிவிட்டார். சில்லுவின் பெயரைக் கடைசியில் கூப்பிடுகிறார். கடைசிப் பெயர் என்றால் அதற்குப் பிறகு எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் காத்திருக்கலாம் அல்லவா!

யாருக்காக, எதற்காக என்று முதலில் கேட்டுக்கொள்ளாமல் வாங்கிப் பூட்டி வைத்த கருவி எவ்வளவு உயர்ந்ததாக இருந்தாலும், அதற்காகக் காத்திருந்த பிள்ளையை அது கைநழுவ விட்டுவிடும்.